டெக்குக்கு எண்ணெய், வேலிக்கு பெயிண்ட்

மெல்பர்னில் குளிர் விட்டு, செப்டம்பர் கடைசியில் வெயில் லேசாகத் தலைகாட்டியதும், இங்கே வீடு வாங்கியிருக்கும் நம்மாட்கள் ஒவ்வொருவராகப் பின்கதவைத் திறந்து, டெக் என்கிற வெளி மரத்தளத்தைப் பார்ப்பார்கள். சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். அப்புறம் யாரிடமாவது கேட்பார்கள்: டெக்குக்கு எந்த பெயிண்ட் நல்லது? என் பதில் எப்போதும் ஒன்றுதான். எந்த பெயிண்டும் அடிக்காதீர்கள். வேலிக்கு வேண்டுமானால் தாராளமாக அடியுங்கள், டெக்குக்கு எண்ணெய்தான்.

டெக் என்று ஒன்று ஊரில் நமக்குக் கிடையாது. திண்ணைக்கு மேலே கூரை உண்டு, தேக்குக் கதவு நிழலில்தான் நிற்கும், மொட்டை மாடி சிமென்ட். மழையும் வெயிலும் நேராக விழுகிற இடத்தில் மரத்தில் தரை போடப்போகிறேன் என்று ஊர் ஆசாரியிடம் சொன்னால் சிரிப்பார். இங்கே அதுதான் வழக்கம். பின்கதவை ஒட்டி, தரையிலிருந்து ஒன்றிரண்டு படி உயரத்தில், அடியில் சட்டங்கள் கொடுத்து மேலே பலகைகளை இடைவெளி விட்டு வரிசையாக அடித்திருப்பார்கள். பிறந்தநாள் விருந்து அங்கேதான், ஜனவரியில் வடகம் காய்வது அங்கேதான், கறிவேப்பிலைத் தொட்டி நிற்பதும் அங்கேதான். அதனால் அதைக் காப்பாற்றுவது எப்படி என்று எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வெயில். மரத்தில் செல்லுலோஸ் நார்களைப் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்க முடியாதது அதுதான். கதிர் பட்டு லிக்னின் சிதைகிறது, அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே வெளுத்த நார் மட்டும் நிற்கிறது, அதில் பூசணம் குடியேறிச் சாம்பல் நிறம் கொடுக்கிறது. பார்க்கத்தான் பயமாக இருக்குமே தவிர இது உளுத்துப்போவது இல்லை. பைன் போன்ற மென்மரமே இப்படி வெயிலிலும் மழையிலும் தேய்வது நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான் என்பது அமெரிக்காவில் மேடிசன் நகரத்து அரசு மர ஆய்வுக்கூடம் தரும் கணக்கு. வன்மரம் இன்னும் குறைவாகத் தேயும். ஆக, டெக் சாம்பலாகிவிட்டது, போச்சு, பிடுங்கிப் போட வேண்டும் என்று ஒருவர் வந்து விலைப்புள்ளி கொடுத்தால் அவசரப்படாதீர்கள். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்காவிட்டால் மரம் நன்றாகவே இருக்கிறது.

மரத்தைக் கொல்வது தண்ணீர். அதுவும் மேலே விழுந்து ஓடுகிற தண்ணீர் அல்ல, உள்ளே போய் வெளியே வர முடியாமல் நிற்கிற தண்ணீர். மரத்தை அழிக்கிற பூஞ்சைக்குக் காற்று வேண்டும், மிதமான சூடு வேண்டும், ஈரம் வேண்டும். முதல் இரண்டையும் நம்மால் தடுக்க முடியாது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் பூஞ்சை வளராது, அவ்வளவுதான் சூத்திரம். இன்னொன்று, ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையவே அசையாது. மெல்பர்ன் மாதிரி, காலையில் குளிர்ந்த மழையும் மத்தியானம் சுள்ளென்ற வெயிலும் ஒரே நாளில் வருகிற ஊரில் ஒரு பலகை வருஷம் முழுக்க இப்படி விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அதன்மேல் பெயிண்டை வைத்துப் பாருங்கள். பெயிண்ட் மரத்துக்கு மேலே ஒரு தோலாக உட்காருகிறது. சுவரிலோ வேலியிலோ அது நல்ல விஷயம், மழை வழிந்து ஓடிவிடும். டெக் படுக்கையாகக் கிடக்கிறது. தண்ணீர் தேங்குகிறது, நாற்காலி இழுபடுகிறது, செருப்பு மண்ணைத் தேய்க்கிறது. எங்கேயோ ஒரு இடத்தில் முடியளவு விரிசல் விழுகிறது, ஆணித் தலையைச் சுற்றியோ பலகையின் முனையிலோ. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. உள்ளே போனது சீக்கிரம் வெளியே வர முடியாதபடி அதே தோல் மேலே மூடி வைத்திருக்கிறது. எதைக் காப்பாற்ற அடித்தோமோ அதை ஈரத்திலேயே ஊற வைக்கிறோம்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது டெக் முழுக்கச் சாக்லேட் நிறத்தில் பெயிண்ட். முன்பு இருந்தவர்கள் விற்பதற்கு முன்னால் அவசரமாக அடித்தது என்று நினைக்கிறேன், வீடு பார்க்க வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் படி ஓரத்தில் ஒரு கொப்புளம். மக்குக் கத்தியின் முனையை அதன் கீழே கொடுத்துத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாக வந்தது. அதன் அடிப்பக்கத்தில் மரத்தின் மெல்லிய நார்கள் ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தன. அந்த நார்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: பெயிண்ட் மரத்திலிருந்து கழன்று வரவில்லை, ஏற்கெனவே வெயிலில் செத்துப்போன மேல் நாரைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து வந்திருக்கிறது. சாம்பல் பூத்த மரத்தைத் தேய்க்காமல் அதன்மேலேயே அடித்தால் இதுதான் நடக்கும், டப்பா எவ்வளவு விலையாக இருந்தாலும். ஏட்டுக்குக் கீழே பலகை கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது, மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும்.

எண்ணெய் வேறு மாதிரி. அது மேலே உட்காராமல் மரத்துக்குள் இறங்குகிறது. தண்ணீரை முழுக்கத் தடுக்காது, ஆனால் உள்ளே போவதைக் குறைக்கும், போன ஈரம் ஆவியாக வெளியேற வழி விடும். தேய்ந்தால் மெல்ல மெல்ல மங்கும், உரிந்து வராது. மங்கினால் கழுவிவிட்டு மறுபடி ஒரு கை பூசினால் போதும். வருஷா வருஷம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் அது ஒரு சனிக்கிழமை வேலை. உரிகிற பெயிண்டைச் சுரண்டித் தேய்த்து எடுப்பது ஒரு பள்ளி விடுமுறையையே தின்றுவிடும். எண்ணெய் போடுகிற பழக்கம் நமக்கும் புதிதில்லை, ஊர்ப்பக்கம் படகுக்கும் பனை வாரைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது எதற்காக? இதற்காகத்தான்.

எண்ணெய் வாங்கும்போது ஒரு விஷயம். மரத்தின் இயற்கை நிறம் மாறக் கூடாது என்று ஆசைப்பட்டு நிறமே இல்லாத கிளியர் எண்ணெயை எடுப்பார்கள். புற ஊதாக் கதிரை மரத்தில் படாமல் தடுப்பதில் பெரும்பங்கு நிறமித் துகளுக்குத்தான். கிளியரில் அது இல்லை, கதிர் நேராக லிக்னினைப் போய்த் தொடும், அடுத்த கோடைக்குள் மறுபடி சாம்பல். கொஞ்சமாவது நிறமுள்ள எண்ணெயை எடுங்கள். மரத்தின் ரேகை மறையாது, பயப்பட வேண்டாம்.

அதற்கு முன்னால் உங்கள் டெக் எந்த மரம் என்று தெரிய வேண்டும். இங்கே பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். செம்பழுப்பாக, கனமாக இருந்தால் மெர்பாவ். மலேசியாவிலிருந்து வந்த நண்பர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இந்தோனேஷியா, பப்புவா நியூ கினி காடுகளிலிருந்து வருவது. வைரம் பாய்ந்த மரம், பூச்சியும் பூஞ்சையும் சுலபத்தில் தொடாது. வெட்டிய பலகையை வெயிலில் பிடித்துக் கிட்டப் பார்த்தால் நுண்துளைகளில் மஞ்சள் பொடி படிந்திருப்பது தெரியும். அந்தப் பொடியும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் தண்ணீரில் கரையும். புது மெர்பாவ் டெக்கின் மேல் முதல் மழை பெய்தால் கீழே கான்கிரீட்டில் டீ டிகாஷனைக் கொட்டிய மாதிரி சொட்டிக் கறை பிடிக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் மோசம். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் கிளீனர் கறையை எடுக்கும், ஆனால் வராமல் பார்ப்பது மேல்: பலகையை அடிப்பதற்கு முன்னாலேயே புல்தரையில் பரப்பிக் கழுவிச் சாயத்தை வெளியேற்றிவிடலாம். இந்த மரத்தில் திருட்டு வெட்டு நிறைய என்பதால் எங்கிருந்து வந்தது என்று கடையில் கேட்பது நல்லது. சட்டத்துக்குப் புறம்பாக வெட்டிய மரத்தை இறக்குமதி செய்வதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் 2012இல் தனிச் சட்டமே வந்தது.

இன்னொன்று, இளம்பச்சை சாயல் அடிக்கிற பைன். கலிபோர்னியாக் கடற்கரையில் பிறந்த ரேடியாட்டா பைன், இங்கேயும் நியூசிலாந்திலும் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்கள். சும்மா விட்டால் சில வருஷத்தில் மக்கிவிடும் மரம், அதனால் மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி விற்கிறார்கள். பச்சை, மருந்தில் இருக்கும் செம்பினால். பலகை முனையில் ஒரு சீட்டு குத்தியிருக்கும், அதில் ஹெச் 3 என்றிருந்தால் தரைக்கு மேலே வெளியில் பயன்படுத்தலாம், ஹெச் 4 என்றால் மண்ணில் புதைக்கலாம். வேலிக் கம்பத்துக்கு ஹெச் 3 வாங்கிப் புதைத்துவிட்டு மரக்கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இந்த மருந்தேற்றிய மரத்துக்குப் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. இங்கே எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து சிசிஏ என்று சொல்லும் அந்தக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இந்தியர். 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் அவர் பெயரில் கிடைத்தது. செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானையும் செம்புக்கு அடங்காத பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்ளும், குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்து போகாதபடி மர நாரோடு கட்டிப்போடும். குரோமியத்தைச் சேர்த்ததில்தான் மூளை இருக்கிறது. அதற்கு முன்பும் செம்பு, ஆர்சனிக் உப்புகளை மரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், மழை கழுவிக்கொண்டு போய்விடும். காமேசத்தின் கலவை உலகம் முழுக்க மின்கம்பங்களிலும் வேலிகளிலும் டெக்குகளிலும் எழுபது வருஷம் ஆட்சி செய்தது.

ஆர்சனிக் என்ற பெயரே அப்புறம் பிரச்சினையாயிற்று. குழந்தைகள் கையால் தொடுகிற இடத்தில் வேண்டாம் என்று 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் 2006 மார்ச்சிலிருந்து புது டெக் பலகை, கைப்பிடி, விளையாட்டுச் சாதனம், சாப்பிடும் மேஜை எதிலும் கூடாது என்றாயிற்று. இப்போது வருவது ஆர்சனிக் இல்லாத, செம்பு கூடுதலான மருந்துகள். செம்பு கூடியதால் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், சூட்டில் முக்கி நாகப்பூச்சு கொடுத்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போட வேண்டும். உங்கள் வீடு 2006க்கு முந்தியது, டெக் பச்சைப் பைன் என்றால் அதில் ஆர்சனிக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். கழுவி, எண்ணெய் பூசி, பூச்சை அவ்வப்போது புதுப்பித்தால் போதும், தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் முகமூடி இல்லாமல் செய்யக் கூடாது. முக்கியமாக எரிக்காதீர்கள். பொங்கலுக்குப் பின்கட்டில் செங்கல் அடுப்பு கூட்டிப் பானை வைக்கும்போது விறகுக்கு அலைவோம், வேலி ஓரத்தில் பழைய பலகைத் துண்டு காய்ந்து கிடக்கும், எடுத்து வைக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். புகையும் விஷம், சாம்பலும் விஷம். பச்சை வெளுத்துப்போன பிறகு பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. விறகைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கழுவுவது. கழுவும் முன் பலகை இடுக்குகளில் அடைந்திருக்கும் யூகலிப்டஸ் இலைச் சருகைப் பழைய கத்தி ஒன்றால் கிண்டி எடுத்துவிட வேண்டும். இடுக்கு அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது, ஈரம் அங்கேதான் குடியிருக்கும். தொட்டிகளை நகர்த்திப் பாருங்கள். கறிவேப்பிலையைக் குளிருக்குப் பயந்து சுவரோரமாக ஆறு மாதம் ஒரே இடத்தில் வைத்திருப்போம், தூக்கினால் கீழே வட்டமாகக் கறுத்து, அங்கே மட்டும் ஸ்க்ரூ டிரைவர் சதக்கென்று இறங்கும். தொட்டிக்கு அடியில் நாலு சின்ன மரக்கட்டையோ ரப்பர் துண்டோ வைத்துக் காற்று போக விட்டால் தீர்ந்தது.

கறுப்பாக இருப்பது அழுக்கா பூசணமா என்று தெரியாவிட்டால் வீட்டு ப்ளீச்சில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளுத்தால் பூசணம், வெளுக்காவிட்டால் அழுக்கு. சோதனைக்கு ப்ளீச் சரி, டெக் முழுக்க அதை ஊற்றித் தேய்ப்பது சரியில்லை, மிச்சமிருக்கும் லிக்னினையும் அது தின்றுவிடும். சோடியம் பெர்கார்பனேட் என்று பொடியாக வரும், துணிக்குப் போடும் ஆக்ஸிஜன் ப்ளீச்தான், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கையும் பூசணத்தையும் தூக்கும். கால் மணி நேரம் காயாமல் பார்த்துக்கொண்டு, விறைப்பான நைலான் பிரஷ்ஷால் ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். இது காரம் என்பதால் மரம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். மறுபடி நிறம் கொண்டுவருவது ஆக்ஸாலிக் அமிலத்தின் வேலை. இரும்பு ஆணியைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கறை இருந்தால் அதையும் இதுதான் எடுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அது விஷம், பக்கத்துச் செடிகளை முன்பே தண்ணீர் விட்டு நனைத்து வைத்தால் தப்பிக்கும். கம்பி பிரஷ் வேண்டாம், உடைகிற கம்பித் துணுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டு துருவாகக் கறை போடும்.

பிரஷர் வாஷர் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதைக் கையில் கொடுத்தால் யாருக்கும் நிறுத்த மனசு வராது, அழுக்கு போவது கண்ணுக்குத் தெரிவதில் ஒரு போதை. அழுக்கோடு மரத்தின் மென்மையான பகுதியும் பெயர்ந்து போகும், ரேகை மேடு பள்ளமாகி, காய்ந்ததும் நார் சிலிர்த்து நிற்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளின் காலில் சிராய் ஏறுவது அந்த நாரிலிருந்துதான். விசிறி போல விரியும் முனையை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, எட்ட நின்று அடித்தால் பாதகமில்லை. ஆனால் அப்படி யார் அடிக்கிறார்கள்?

தேய்க்க வேண்டிய டெக்காக இருந்தால் முதலில் ஆணித் தலைகளை மரத்துக்குள் இறக்கிவிடுங்கள், இல்லையேல் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும். 60 அல்லது 80 நம்பர் தாள் போதும். நாற்காலி மேஜைக்குத் தேய்க்கிற மாதிரி 180, 220 என்று ஏறிக்கொண்டே போனால் மரத்தின் துளைகள் அடைபட்டு எண்ணெய் உள்ளே இறங்காது. வழவழப்பு டெக்குக்கு வேண்டியதும் இல்லை, மழையில் வழுக்கும்.

அப்புறம் காய விட வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். பின்னேரம் நடந்து போகையில் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கழுவியாச்சோ?"

"ஆச்சு அண்ணை, நேத்து. மேலே காஞ்சிடுச்சு. நாளைக்கு எண்ணெய் போட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"மேல காஞ்சு என்ன செய்யிறது? உள்ளுக்கு ஈரம் நிக்கும். பொறும், இன்னும் ரெண்டு மூண்டு நாள் நல்ல வெயில் குடுங்கோ. அவசரப்பட்டால் எண்ணெய் மேலயே நிண்டு பிசுபிசுக்கும்."

அவர் சட்டைப் பையில் சின்ன ஈரமானி ஒன்று வைத்திருப்பார். இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண் காட்டும். 15க்குப் பக்கத்தில் வந்தால்தான் டப்பாவைத் திறப்பாராம். அது இல்லாதவர்கள் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சட்டென்று உறிஞ்சினால் மரம் எண்ணெய்க்குத் தயார். முத்தாக நின்றால் ஒன்று இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது பழைய எண்ணெய் இன்னும் வேலை செய்கிறது. இரண்டாவது என்றால் இந்த வருஷம் உங்களுக்கு வேலை மிச்சம்.

பூசும் நாளை வானிலை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே கூடாது, 30, 35க்கு மேலேயும் கூடாது என்று பெரும்பாலான டப்பாவிலேயே போட்டிருக்கும். டிகிரிக் கணக்கைவிட வெயில் நேராக விழுகிறதா என்பதுதான் முக்கியம். சூடேறிய பலகையில் எண்ணெய் இறங்குவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். டெக்கில் நிழல் விழுகிற நேரத்தில் ஆரம்பித்து, பனி இறங்கும் முன் முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். பாதியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் நிறுத்திய இடத்தில் கோடு விழும், அது போகவே போகாது. பத்து இருபது நிமிஷம் கழித்தும் மேலே மினுமினுவென்று நிற்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். மரம் குடிக்காத எண்ணெயால் லாபமில்லை, வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடிக்கும்.

எல்லோரும் விட்டுவிடுகிற இடம் பலகையின் வெட்டுமுனை. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீரை மேலே கொண்டுபோன குழாய்களெல்லாம் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் முகத்தைவிட முனை பல மடங்கு தண்ணீர் குடிக்கும். எந்த டெக்கையும் பாருங்கள், உளுக்க ஆரம்பித்தது முனையாகத்தான் இருக்கும், அல்லது இரண்டு பலகை முனையோடு முனை சேர்கிற சட்டத்தின் மேலாக இருக்கும். சின்ன பிரஷ்ஷால் முனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை, குடிக்கிற வரை கொடுங்கள். புதிதாக வெட்டிய மருந்தேற்றிய பைனுக்கும் இதே கதைதான். மருந்து நடுவரை போயிருக்காது, வெட்டினால் உள்ளிருக்கும் வெறும் மரம் வெளியே வரும். வெட்டுமுனைக்கென்றே தனி மருந்து சின்ன டப்பாவில் கிடைக்கும்.

துடைத்த துணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், எழுதுகிற யாரும் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆளிவிதை எண்ணெய் மாதிரி உலர்கிற எண்ணெய்கள் காற்றில் ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகின்றன, இறுகும்போது சூடு வெளிவருகிறது. பலகையில் அந்தச் சூடு கலைந்துவிடும். கசக்கிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்ட துணியில் அது கலைய வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம். டெக்குக்கு எண்ணெய் போட்ட அன்று ராத்திரி கராஜ் எரிந்தது என்று கேள்விப்பட்டால் பொய் என்று நினைக்காதீர்கள். துணியை விரித்து, ஒற்றை ஒற்றையாக வெளியில் காயப்போட்டு, விறைத்த பிறகு போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

வேலிக்கு இவ்வளவு கவலை வேண்டாம். நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீர் வழிந்து ஓடிவிடும், யாரும் மேலே நடப்பதில்லை. பெயிண்ட் அங்கே நன்றாகவே நிற்கும். இங்கத்து வேலிப் பலகைகள் இழைக்காமல் அறுத்தபடியே சொரசொரப்பாக வருபவை, பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் பூச்சைப் பிடித்துவைப்பதில் இழைத்த பலகையைவிட அதுதான் கெட்டி. ஸ்வீடனில் கிராமத்து வீடுகளெல்லாம் ஒரே செம்மண் சிவப்பாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்கக் கழிவிலிருந்து எடுத்த நிறமியை, கோதுமைக்கு உறவான தானியமான ரை மாவு, ஆளிவிதை எண்ணெய், அன்னபேதி, தண்ணீர் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, இழைக்காத பலகையில் அடிப்பார்கள். 1992இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள், பெயிண்ட் இன்னும் வருகிறது. அது தோலாக நிற்காது, நாளாக ஆகப் பொடிப் பொடியாக உதிரும், பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலேயே அடுத்த பூச்சு அடிக்கலாம், சுரண்டுகிற வேலையே இல்லை. மாவுக்கூழில் செய்த பெயிண்ட்! இன்றைய டப்பாக்கள் பலவற்றைவிட எனக்கு அதன்மேல்தான் மரியாதை.

வேலியில் கவனிக்க வேண்டியது பெயிண்டுக்கு வெளியே இருக்கிறது. கம்பம் மண்ணுக்குள் நுழைகிற இடம் ஒன்று. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கழுத்து இற்றுப்போனால் பெருங்காற்றில் வேலி மொத்தமாகச் சாயும். பலகையின் அடிமுனை மண்ணைத் தொடுவது இன்னொன்று. தோட்டத்துக்கு மண் கொட்டும்போது வேலி வரை குவித்துவிடுவோம், பலகை மருந்தில்லாத மரமாக இருந்தால் அடியிலிருந்து மக்கிக்கொண்டு வரும். இரண்டு விரல் இடைவெளி விட்டு மண்ணை இழுத்துவிடுங்கள். இப்போது கறுப்பு வேலி நாகரிகம், தெருவுக்குத் தெரு கறுப்பு. அழகுதான், செடியின் பச்சை எடுப்பாகத் தெரியும். ஆனால் 40 டிகிரி நாளில் மேற்கு பார்த்த கறுப்பு வேலியில் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பலகை வளையும், பைன் முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். மேற்கு வெயில் விழுகிற பக்கத்துக்காவது கொஞ்சம் வெளிர் நிறமாக எடுக்கலாம்.

இன்னொரு விஷயம், வேலி உங்களுடையது மட்டும் இல்லை. மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் 1968ஆம் வருஷத்து வேலிச் சட்டப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள வேலியின் செலவைப் பொதுவாக இரண்டு பேரும் சரிபாதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண வேலி போதும் என்கிற இடத்தில் ஒருவருக்கு உசத்தியானது வேண்டுமென்றால் கூடுதல் செலவு அவருடையது. அதனால் ஸ்ப்ரே கன் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், உங்கள் கறுப்புத் தூறல் அவர்கள் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் போய் விழும், காற்று கொஞ்சம் கூடினால் கார் மேலேயும். ரோலரிலும் பிரஷ்ஷிலும் அடித்தால் நேரம் ஆகும், பெயிண்ட் நாருக்குள் நன்றாக இறங்கும், சண்டையும் வராது. நான் போய்த் தட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர் அவர் பக்கத்துக்கும் அதே நிறமே இருக்கட்டும் என்று சொல்லி, இரண்டு டப்பாவுக்கு அவரே காசு கொடுத்தார், ரோலரை நீங்களே பிடியுங்கள் என்ற ஒரே நிபந்தனையோடு.